ஊர் அமைதிக் குழுவைப் படைபோல் நடத்துவது எப்படி: நெல்லைச் சீமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜாதிச் சண்டை உள்ள ஊரில் அமைதி வேண்டும் என்கிறவர்கள்தான் எப்போதும் அதிகம். அரிவாளைத் தூக்குகிறவர்கள் சில பேர்தான். ஆனாலும் அந்தச் சில பேர் நினைத்தது நடந்துவிடுகிறது. யார் பைக் ஓட்டுவது, யார் ஆள் காட்டுவது, முடிந்ததும் எங்கே போய்த் தங்குவது, செலவுக்கு யார் தருவது என்று எல்லாம் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். அமைதி விரும்புகிறவர்களோ சம்பவம் நடந்த மறுநாள்தான் முதல்முறையாக ஒன்றுகூடுகிறார்கள்.

படை நடத்துகிறவர்கள் கற்றுவைத்த முறைகளில் பெரும்பகுதிக்கு ஆயுதமே தேவையில்லை. இலக்கு, தகவல், நேரம், இடம், சாப்பாடு, ஒத்திகை, மாற்று ஆள் இவைதான் அதில் முக்கால்வாசி. கான் அப்துல் கஃபார் கான் 1929-ல் பட்டாணியரிடையே தொடங்கிய குதாயி கித்மத்கார் சீருடை, பயிற்சி, பதவி வரிசை எல்லாம் வைத்துக்கொண்டு ஆயுதமில்லாமல் நடந்த படைதான். அந்த முறையை நம் ஊர்க் கொடைக்கும் (கோயில் திருவிழாவுக்கும்) பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் தக்கபடி எப்படி அமைப்பது என்பதுதான் இங்கே.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் நேரே ஊர்வலத்தில்தான் ஆரம்பிப்பார்கள். இந்த வழிகாட்டியில் ஊர்வலம் பத்தாவது படி.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

மோதிக்கொள்கிற இரண்டு ஜாதித் தெருவிலிருந்தும் ஆள் வேண்டும். ஒரு தெரு மட்டும் சேர்ந்து அமைதிக் குழு வைத்தால் அடுத்த தெரு அதை எதிர்க்கட்சியாகத்தான் பார்க்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒருவர்தான் வருகிறார் என்றாலும் சரி, அவர் வரும்வரை குழு என்று பெயர் வைக்காதீர்கள்.

மூன்று மாத அவகாசம், ஒரு நோட்டு, பேச உட்கார எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் வேண்டும். நூலகமோ ரேஷன் கடைத் திண்ணையோ போதும். கோயில் மண்டபம், ஜாதிச் சங்கக் கட்டிடம், கட்சி அலுவலகம் வேண்டாம். பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலிலேயே பெரிய தொகை கொடுக்க யாராவது வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பணம் கொடுத்தவர் மேடை கேட்பார்.

1. இலக்கை ஒரே வரியில் எழுதுங்கள்

"ஜாதி ஒழிய வேண்டும்" என்பது நம் ஆசை. அதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டில் எழுத இது போதாது. படையின் கட்டளையில் என்ன செய்யவேண்டும், எதுவரை என்பது தெளிவாக இருக்கும். நம்முடையதும் அப்படி இருக்கட்டும்: "கொடை தொடங்கும் கால்நாட்டிலிருந்து கடைசி மஞ்சள் நீராட்டு முடியும்வரை இரண்டு தெருவிலும் ஒருவர்மேலும் வெட்டு விழக்கூடாது." அல்லது: "இந்தக் கல்வியாண்டு முடியும்வரை பள்ளிக்கூட பஸ்ஸில் அடிதடி இருக்கக்கூடாது."

ஒரே வரி எதற்கு என்றால், குழப்பம் நேரும்போது தலைவரிடம் கேட்க நேரம் இருக்காது. போன் எடுக்காது, அவரையே போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அந்த நேரத்தில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தானாக முடிவெடுக்க அந்த ஒரு வரி போதுமானதாக இருக்கவேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். நம் பக்கம் "சமாதானம்" என்றாலே அடிபட்டவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வழக்கை வாபஸ் வாங்கச் சொல்வது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அது அமைதிக் குழுவின் வேலையே இல்லை. 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான வழக்கோ வேறு எந்த வழக்கோ, அதைத் தொடமாட்டோம் என்று இலக்குக்கு அடுத்த வரியிலேயே எழுதிவையுங்கள். நீதி கேட்கிறவனை வாயடைக்க வைப்பது அடுத்த சண்டைக்கு விதை. அதோடு, ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டால் அந்தத் தெருவுக்குள் குழு மறுபடி காலெடுத்து வைக்க முடியாது.

2. எதிரியாக நினைக்கவேண்டியது எதை என்று முடிவுசெய்யுங்கள்

மேலத்தெருவும் எதிரி இல்லை, கீழத்தெருவும் எதிரி இல்லை. ஒரு வாய்ச்சண்டையைக் கொலைவரை கொண்டுபோகிற சங்கிலிதான் எதிரி. அதைக் காகிதத்தில் கண்ணி கண்ணியாக வரையுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஸ்பீக்கரில் ஒரு பாட்டு அல்லது பஸ்ஸில் சீட், அப்புறம் ஓர் அடி, அப்புறம் வதந்தி, அப்புறம் ஆள் கூடுதல், அப்புறம் ஆயுதம், அப்புறம் பழிக்குப் பழி.

படையில் எதிராளி எதைப் பிடித்து நிற்கிறானோ, அதைத்தான் தாக்குவார்கள். இந்தச் சங்கிலி நிற்பது வதந்திக்கும் ஆள் கூடுதலுக்கும் நடுவில் உள்ள அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில். ஸ்டேட்டஸ் போடுவதை நம்மால் தடுக்க முடியாது. ஆயுதம் எடுத்தபிறகு எதிரே நிற்பது போலீஸின் வேலை. நடுவில் உள்ள அந்தக் கண்ணிதான் நம் கைக்கு எட்டுவது. குழுவின் பாதி உழைப்பு அங்கேதான் போகவேண்டும்.

மீதிப் பாதி, பழிவாங்கலைத் தாங்கி நிற்கிற தூண்களுக்கு. வன்முறையற்ற போராட்டங்களுக்குப் பயிற்சி கொடுத்த ராபர்ட் ஹெல்வி அமெரிக்க ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வுபெற்றவர். ஆட்சி எந்தெந்தத் தூண்களில் நிற்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக உருவச் சொல்லும் முறையைத்தான் அவர் கற்றுக்கொடுத்தார். பழிக்கும் தூண் உண்டு: பைக் இரவல் கொடுக்கிறவர், பெட்ரோலுக்குப் பணம் தருகிறவர், தோப்பில் தங்க இடம் விடுகிறவர், "ஆம்பளையா நீ" என்று உசுப்பேற்றுகிற உறவுக்காரர். வெட்டப் போகிறவனிடம் பேசிப் பலன் இருக்காது. தோப்புக்காரரிடம் பேசினால் பலன் உண்டு. அவருக்கு வழக்கில் மாட்டிக்கொள்ளும் பயமும் இருக்கும், பேரன் பேத்தியும் இருப்பார்கள்.

3. நான்கு வலியையும் எடைபோடுங்கள்

செய்யப்போகும் வேலையின் வலி, நம் வலி, மாற்றான் வலி, துணைக்கு வருகிறவர்களின் வலி. வலி என்றால் இங்கே வலிமை. இந்த நான்கும் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே திருக்குறளில் சொல்லித்தந்தவைதான். நான்கு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

நம் வலியில் புதியவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஊர்ப் பெரிய மனிதர்களின் பெயர்கள். அவர்களில் பலரால் தங்கள் வீட்டுப் பையனையே இரவில் நிறுத்திவைக்க முடியாது. அதே ஊரில் பீடி சுற்றுகிற பெண்களை யாரும் எழுதுவதில்லை. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் போய்ப் பாருங்கள். கட்டுக் கொடுக்க பீடிக்கடைக்கு வரும்போது எல்லாத் தெருப் பெண்களும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். இலை சரியில்லை, கழிவு அதிகம் என்று ஒரே குறையைப் பேசுவார்கள். ஆண்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன ஊரிலும் அந்த வரிசை நிற்காது. செய்தி போகவும் வரவும் அதைவிட நல்ல பாதை கிடையாது.

துணைவலியில் உள்ளூர் ஆசிரியர், செவிலியர், பஸ் டிரைவர், கண்டக்டர், மைக்செட் போடுகிறவர், வில்லுப்பாட்டுக் குழுவினர் எல்லாரையும் சேருங்கள். மைக்செட்காரர் முக்கியம். எந்தப் பாட்டு எந்தத் தெரு முனையில் ஒலிக்கிறது என்பது அவர் கையில் இருக்கிறது.

மாற்றான் வலியைக் குறைத்து எழுதாதீர்கள். உசுப்பேற்றுகிற ஆளுக்கு ஊரில் மரியாதை இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். அவர் யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு செய்தார், யாருக்குக் காலேஜ் சீட் வாங்கிக்கொடுத்தார் என்பது தெரியாமல் அவரோடு மோதினால் தோற்போம்.

4. செய்தி வரும் வழியை அமையுங்கள்

உளவு பார்ப்பது வேறு, செய்தி சேர்ப்பது வேறு. ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று மோப்பம் பிடிக்கப் போனால் குழு செத்துவிடும். தெருவில் எல்லாருக்கும் கேட்பது, எல்லார் கண்ணிலும் படுவது மட்டும் போதும்: புது பிளக்ஸ், மின்கம்பத்தில் புதுக் கலர், பிள்ளைகள் கையில் புதுக் கயிறு, வெளியூர் வண்டிகள், வழக்கமாகத் திறக்கிற டீக்கடை சீக்கிரம் மூடுவது.

கயிறு சின்ன விஷயம் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள். அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் ஜாதியைக் காட்டும் கலர் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க ஒரு கலர் ஏறினால் அது உங்கள் நோட்டில் வரவேண்டிய செய்தி.

வருகிற ஒவ்வொரு செய்தியையும் மூன்றாகப் பிரியுங்கள்: கண்ணால் பார்த்தது, பார்த்தவர் நேரில் சொன்னது, கேள்விப்பட்டது. செய்தி கொண்டுவருகிறவர் "எல்லாரும் சொல்லுதாவ" என்றால் அது மூன்றாவது. "யாரு சொன்னா அண்ணாச்சி? அவுக பாத்தாகளா?" என்று அங்கேயே கேட்கப் பழகுங்கள். மூன்றாவது வகையை வைத்து யாரும் வீட்டை விட்டுக் கிளம்பக்கூடாது, சரிபார்க்க மட்டும் போகலாம்.

நோட்டில் பிள்ளைகளின் பெயர் எழுதவேண்டாம். யார் கையில் சிக்கினாலும் யாருக்கும் கெடுதல் வராத அளவுக்குத்தான் எழுதவேண்டும்.

5. காலத்தையும் இடத்தையும் கணக்கிடுங்கள்

ஒரு வருடக் காலண்டரை எடுத்துச் சூடான நாட்களைக் குறியுங்கள். சித்திரையிலிருந்து ஆடிவரை கொடைகள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களுக்கு வெளியூர்க் குடும்பங்கள் திரும்பும் நாட்கள். ஜூலை 23 (தாமிரபரணியில் இறந்தவர்கள்), செப்டம்பர் 11 (இமானுவேல் சேகரன்), அக்டோபர் 30 (முத்துராமலிங்கத் தேவர்) ஆகிய நினைவு நாட்களில் வண்டிகள் போகும் வழி. ஊரில் முன்பு நடந்த கொலைகளின் வருஷாந்திரம். உள்ளாட்சித் தேர்தல் முடிவு வரும் இரவு.

வெளியூரிலிருந்து திரும்புகிற இளைஞர்களைத் தனியாகக் கவனியுங்கள். திருப்பூர், சென்னை, மும்பையிலிருந்து வருகிறவனுக்குப் போன வருடம் ஊரில் பேசி முடித்தது எதுவும் தெரியாது. போனில் கேட்ட கோபம் மட்டும் இருக்கும். வந்த அன்றே அவன் வீட்டுக்குப் போய்ப் பேசுவது ஒரு படி, அதைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம் நடந்து பாருங்கள். கொடையில் சாமக்கொடை முடிந்து சாமி வேட்டைக்குப் போகிற பாதையில் அதே நடுராத்திரியில், அதே வேகத்தில் இரண்டு தெரு ஆட்களும் சேர்ந்து ஒரு தடவை நடக்கவேண்டும். எங்கே தெரு குறுகுகிறது, எந்த முனையில் விளக்கு எரியவில்லை, எந்தத் திண்ணையில் ஆள் படுத்திருப்பார்கள், செங்கல்லும் ஜல்லியும் எந்த வீட்டு வாசலில் கொட்டிக்கிடக்கிறது என்று பகலில் பார்த்தால் தெரியாது. படைத்தளபதிகள் வரைபடத்தை மட்டும் நம்புவதில்லை, தரையை மிதித்துப் பார்ப்பார்கள். ஜல்லிக் குவியலைக் கொடைக்கு முந்தின நாள் தார்ப்பாய் போட்டு மூடக் கேட்டுக்கொண்டாலே கல்வீச்சுக்குப் பாதி வழி அடைபட்டுவிடும்.

எந்தக் கூட்டத்துக்கும் வெளியேறும் வழி இரண்டாவது இருக்கவேண்டும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தின்மேல் போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் தாமிரபரணி. ஆற்றில் இறங்கியவர்களில் பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் உயிரிழந்தார்கள். அடித்தவர்களின் பொறுப்பை அது குறைக்காது. ஆனால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற நாம், ஆறு, கால்வாய், ரயில்வே சுவர் ஒரு பக்கமாக அடைக்கிற இடத்தில் கூட்டத்தை நிறுத்தக்கூடாது.

6. ஆட்களைப் பிரித்து, மாற்று ஆளையும் நியமியுங்கள்

எல்லாரும் எல்லா வேலையும் பார்ப்பது நம் ஊர் வழக்கம். கல்யாண வீட்டுக்கு அது சரி. இங்கே ஒருவருக்கு ஒரு வேலை. செய்தி சரிபார்க்க இருவர் (தெருவுக்கு ஒருவர்), முனையில் நிற்க ஜோடி ஜோடியாக ஆட்கள், ஆஸ்பத்திரிக்குப் போக இருவர், அதிகாரிகளிடம் பேச ஒருவர், சாப்பாடும் தண்ணீரும் பார்க்க ஒருவர்.

ஜோடி என்றால் இரண்டு தெருவிலிருந்தும் ஒவ்வொருவர். ஒரே தெரு ஆட்கள் இருவர் முனையில் நின்றால் எதிர்த்தெருவுக்கு அது காவல் போட்டதுபோல் தெரியும்.

மொத்த ஆட்களில் மூன்றில் ஒரு பங்கை வீட்டிலேயே வையுங்கள். இதைப் புதியவர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், எல்லாரும் களத்தில் நிற்கவேண்டும் என்பார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு நின்றவன் அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கத்திலும் எரிச்சலிலும் இருப்பான். அப்போது நிதானம் உள்ள ஆள் வீட்டில் தூங்கி எழுந்து வரவேண்டும்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் அடுத்தவர், அதற்கடுத்தவர் யார் என்று முன்பே சொல்லிவிடுங்கள். 1930 மே மாதம் காந்தி கைதானதும் உப்புச் சத்தியாகிரகத்தை அப்பாஸ் தியாப்ஜி எடுத்துக்கொண்டார். அவர் கைதானதும் சரோஜினி நாயுடு தாராசனாவுக்குப் போனார். யார் அடுத்து என்பது முன்பே முடிவாகியிருந்ததால் வேலை நின்றுபோகவில்லை. நம் குழுக்களில் தலைவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலே எல்லாம் கலைந்துபோகிறது.

7. சாப்பாடு, தண்ணீர், பெட்ரோல்

படை வயிற்றால் நடக்கிறது என்பார்கள். இரவு முழுக்க முனையில் நிற்கிறவனுக்கு டீ யார் கொடுக்கிறார்கள் என்பதை வைத்தே அவன் யாருடைய ஆள் என்று ஊர் முடிவுகட்டும். ஒரு கட்சிக்காரர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தால் அன்றோடு நடுநிலை போச்சு. இரண்டு தெருவிலும் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி, குழுவே கஞ்சியோ சோறோ ஆக்கட்டும்.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் மிரட்டினார். ஊர்க்காரர்கள் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். சாப்பாட்டு வழியை அடைப்பான் என்று எதிர்பார்த்து இரண்டாவது வழி வைத்திருப்பது இப்படித்தான்.

கையில் வைத்திருக்கவேண்டிய மற்றவை: டார்ச், முதலுதவிப் பெட்டி, சார்ஜ் போட்ட பவர் பேங்க், டேங்க் நிறைந்த இரண்டு பைக், ஒரு வேன்காரரின் நம்பர், 108.

8. ஒத்திகை பாருங்கள்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "இதுக்கெல்லாம் என்னத்துக்கு ஒத்திகை, நம்ம பயலுவதானே" என்பார்கள். 1960-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்கள் உணவகங்களில் உட்கார்ந்து போராடும் முன், ஜேம்ஸ் லாசன் அவர்களைப் பல மாதம் பழக்கினார். தோழர்களே திட்டுவார்கள், தள்ளுவார்கள், முகத்தில் புகை விடுவார்கள். உண்மையாக நடந்தபோது உடம்புக்கு அது பழகியிருந்தது.

நாம் பழகவேண்டியது இப்படி: ஒருவர் கோபத்தில் ஓடிவரும் இளைஞனாக நடிக்கட்டும். அடுத்த தெருக்காரர் ஓரமாக நின்று அவரை வாய்க்கு வந்தபடி பேசட்டும், உண்மையாகப் பேசுகிற அதே சொற்களில். நடுவில் நிற்கிறவர் இரண்டு கையையும் திறந்து இடுப்பளவில் வைத்துக்கொள்ளவேண்டும். தோளைப் பிடிக்கக்கூடாது. கோபத்தில் இருக்கிறவனை யார் தொட்டாலும் அடி என்றுதான் அவன் உடம்பு எடுத்துக்கொள்ளும். நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கவேண்டும், அவனுக்குத் திரும்பிப் போக வழி தெரியவேண்டும்.

பேச்சில் புத்திமதி கூடாது, செய்திதான் சொல்லவேண்டும். "சண்டை போடாத, தப்பு" என்றால் அவன் இன்னும் கொதிப்பான். "மக்கா, செத்த இரி. ஒங்க அண்ணனுக்குத் தையல் போட்டாச்சு, பேசுதான். நான் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றால் நிற்பான். அந்த வாக்கியம் உண்மையாக இருக்கவேண்டும். ஒரு பொய் சொல்லி நிறுத்தினால் அடுத்த முறை யார் சொன்னாலும் நிற்கமாட்டான். ஆஸ்பத்திரிக்கு இருவரை அனுப்பச் சொன்னது இதற்காகத்தான்.

இடங்களை மாற்றி மாற்றி நடியுங்கள். மேலத்தெருப் பையன் கீழத்தெருக்காரனாக நின்று வசவு வாங்கிப் பார்க்கும்போது, அந்தச் சொல் எங்கே தைக்கிறது என்பது அவனுக்கு முதல்முறையாகத் தெரியும். ஒத்திகை முடிந்ததும் உடனே கலைந்துவிடாமல் சேர்ந்து டீ குடித்துவிட்டுப் போங்கள், பேசிய பேச்சு மனசில் தங்கிவிடக்கூடாது.

9. அதிகாரிகளிடம் முன்பே போங்கள்

வி.ஏ.ஓ., உள்ளூர் எஸ்.ஐ., தனிப்பிரிவு ஏட்டு, தாசில்தார், கோட்டாட்சியர் எல்லாரும் அமைதியான நாளிலேயே குழுவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கலவரம் நடக்கும்போது முதல்முறை அறிமுகம் ஆனால் உங்களையும் கூட்டத்தில் ஒருவராகத்தான் எண்ணுவார்கள். இரண்டு தெரு ஆட்களும் சேர்ந்தே போங்கள்.

தடை உத்தரவு பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பழைய 144 இப்போது 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163-ம் பிரிவு. அது அமலில் இருக்கும்போது கூட்டம் கூட்டாதீர்கள், வீடு வீடாகப் போய்ப் பேசுங்கள். ஊர்வலத்துக்கு அனுமதி எழுத்தில் வாங்குங்கள், பாதையையும் நேரத்தையும் அதிலேயே குறிப்பிடுங்கள். வாய்மொழி அனுமதி அதிகாரி மாறினால் இல்லாமல் போகும்.

எல்லையையும் முன்பே சொல்லிவிடுங்கள். கொலைத் திட்டமோ ஆயுதமோ தெரியவந்தால் அந்த நிமிடமே போலீஸுக்குச் சொல்வோம். மற்றபடி ஆள் காட்டிக்கொடுக்கிற வேலைக்கு எங்களைக் கூப்பிடாதீர்கள். இந்த இரண்டையும் இரண்டு தெருவிலும் வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள். மறைத்துச் செய்தால் துரோகம் என்று பெயர் வரும்.

10. ஊர்வலம்

இப்போதுதான் ஊர்வலம். அதுவும் கட்டாயம் இல்லை. இரண்டு தெரு ஆட்களும் சேர்ந்து நடப்பதை ஊர் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் அது. நூறு பேர் ஒரே தெருவிலிருந்து வருவதைவிட, இரண்டு பக்கமும் சேர்ந்து இருபது பேர் வருவது மேல்.

பகலில் நடத்துங்கள். கோஷம் வேண்டாம், கலர் துண்டு வேண்டாம், கட்சிக்கொடி வேண்டாம். இரண்டு தெருப் பெண்களும் கலந்து முன்வரிசையில் வரட்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக் கலைந்துவிடுங்கள்.

11. சம்பவம் நடந்துவிட்டால்: முதல் இரவும் மறுநாள் காலையும்

எல்லா ஏற்பாட்டையும் மீறி வெட்டு விழலாம். அப்போது செய்யவேண்டிய வரிசை இது.

முதலில் காயம்பட்டவரை அனுப்புங்கள். உடன் இருவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும், அவர்கள் அரைமணிக்கு ஒருமுறை ஊருக்குச் செய்தி சொல்லவேண்டும். செய்தி இல்லாத இடத்தை வதந்தி நிரப்பிவிடும்.

அடுத்து, செய்தி சரிபார்க்கும் இருவரும் தங்களுக்குள் போனில் பேசி, உறுதியானது மட்டும் இரண்டு தெருவுக்கும் ஒரே வாக்கியமாகப் போகட்டும். எழுதி அனுப்புவதைவிடத் தெரிந்த குரலில் ஆடியோ அனுப்புவது நல்லது. காயத்தின் படத்தை யார் அனுப்பினாலும் மேலே அனுப்பாதீர்கள்.

மூன்றாவதாக முனைகளுக்கு ஜோடிகள் போகட்டும். நான்காவதாக, முன்பே பேசிவைத்திருக்கிற தோப்புக்காரர், பைக் இரவல் கொடுக்கிறவர், மாமன்மார் வீடுகளுக்கு ஆள் போகட்டும். "இன்னைக்கு ராத்திரி யாரும் கேட்டா வண்டி இல்லைன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்ற ஒரு வார்த்தைதான் வேண்டுவது.

உயிர் போயிருந்தால் குழுவின் இடம் இறந்தவர் குடும்பத்தின் பக்கத்தில். நம் மாவட்டத்தில் நியாயம் கிடைக்கும்வரை உடலை வாங்கமாட்டோம் என்று உறவினர்கள் பிணவறை வாசலில் உட்காருவது உண்டு. அது அவர்கள் உரிமை. வாங்கிக்கொள்ளுங்கள் என்று குழு ஒரு வார்த்தை பேசக்கூடாது. தண்ணீர், நிழல், வயதானவர்களுக்கு மாத்திரை, இவற்றைப் பாருங்கள். அடுத்த தெருவிலிருந்து யாராவது துக்கம் கேட்க வர நினைத்தால், குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மறுநாள் காலை பள்ளிக்கூட பஸ்ஸை மறந்துவிடாதீர்கள். இரவெல்லாம் விழித்தவர்கள் விடிந்ததும் ஆபத்து தாண்டியது என்று படுத்துவிடுவார்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பது அந்த ஏழரை மணிக்குத்தான். வீட்டில் நிறுத்திவைத்த ஆட்களில் இருவர், தெருவுக்கு ஒருவராக, அதே பஸ்ஸில் ஏறிப் பள்ளி வாசல்வரை போய்த் தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டு வரட்டும். சாயங்காலமும் அப்படியே. இதைக் குறைந்தது இரண்டு வாரம் செய்யுங்கள்.

12. பின்வாங்கத் தெரிந்திருக்கவேண்டும்

நம் கூட்டத்திலிருந்து ஒரு கல் போனால்கூட நிகழ்ச்சியை அங்கேயே நிறுத்துங்கள். 1922-ல் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்தை எரித்து போலீஸார் இறந்ததும் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். அது சரியா என்ற வாதம் இன்றும் உண்டு. ஒரு ஊரின் அமைதிக் குழுவுக்கு அந்த வாதமே தேவையில்லை. நம் கையில் இருப்பது நம்பிக்கை ஒன்றுதான், ஒரு கல்லில் அது போய்விடும்.

நிறுத்துவதற்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நீள விசில் என்றால் எல்லாரும் உட்காரவேண்டும், பிறகு வரிசையாகப் பின்னாலிருந்து கலையவேண்டும் என்பதுபோல. அதையும் ஒத்திகையில் சேருங்கள்.

13. முடிந்ததும் கணக்குப் பாருங்கள்

ஒரு வாரத்துக்குள் எல்லாரும் உட்காருங்கள். என்ன நினைத்தோம், என்ன நடந்தது, எங்கே மாறியது, ஏன். இதைத் தாண்டி யாரையும் குற்றம் சொல்லவிடாதீர்கள். இளையவர்கள் முதலில் பேசட்டும். பெரியவர் பேசியபிறகு அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

நோட்டில் ஆட்களைப் பற்றி எழுதிய பக்கங்களைக் கிழித்து எரித்துவிடுங்கள். பாதை, நேரம், முனை, சாப்பாட்டுக் கணக்கு உள்ள பக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்புகளை மாற்றுங்கள். ஒரே ஆள் இரண்டு கொடைக்கு மேல் ஒரே பொறுப்பில் இருந்தால், ஊர் அவரைக் குழுவாகப் பார்க்கும், அவரும் அப்படித்தான் நினைக்க ஆரம்பிப்பார்.

அடுத்த கொடைக்குக் கால்நாட்டு தேதி குறித்ததும் மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒரு வருடத்தில் பையன்கள் வளர்ந்திருப்பார்கள், தோப்பு கைமாறியிருக்கும், எஸ்.ஐ. மாறியிருப்பார். பழைய கணக்கை அப்படியே எடுத்துவைக்க முடியாது.